வாசகர் கேள்வி – பதில்: டைனோவில் இன்ஜின் வேகத்தைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

பவரை அளக்கும் டைனோ கருவியின் உருளைகள் மேல் காரை ஏற்றி ஓட்டிப் பார்த்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பவர் எவ்வளவு வந்தது என்பதைவிட, அதன் பக்கத்தில் அச்சாகும் ஆர்பிஎம் எண்ணை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) நம்பலாமா என்ற ஐயமே அதிகமாக இருந்தது. இது நியாயமான ஐயம் என்பதால், இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: என்னுடையது 1.3 லிட்டர் பழைய பெட்ரோல் கார். நான்கு ப்ளக் வயர்கள், இரண்டே காயில்கள். டைனோவில் நான்காவது கியரில் ஓட்டியபோது பவர் 68 பிஎஸ், டார்க் (முறுக்கு விசை) 47 என்எம் என்று தாள் வந்தது. வயரில் மாட்டியிருந்த கிளிப்பைச் சரிசெய்து, கணினியிலும் எதையோ மாற்றி மறுபடி ஓட்டினார்கள். பவர் அதே 68. டார்க் மட்டும் 94. ஒரே காரில் டார்க் எப்படி இரு மடங்காகும்? எந்தத் தாளை நான் நம்புவது? – வாசகர், கோவை

பதில்: இரண்டாவது தாளையே நம்புங்கள். உங்கள் இன்ஜினில் எதுவும் மாறவில்லை. முதல் ஓட்டத்தில் கருவி அதன் சுழற்சிகளை இரு மடங்காக எண்ணிவிட்டது. அந்தப் பிழை பவரைத் தொடாமல் டார்க்கை மட்டும் பாதியாக்கியது ஏன் என்று புரிந்துகொண்டால், டைனோ தாளில் எந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

சேஸி டைனோ இன்ஜினைப் பார்ப்பதே இல்லை. சக்கரங்கள் சுழற்றும் உருளையைத்தான் பார்க்கிறது. உருளையின் விட்டமும் நிலைமமும் கருவிக்கு முன்பே தெரியும் என்பதால், அந்த உருளை எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்தோ, உருளையைக் காந்தத்தால் தடுக்கும் எடி கரன்ட் பிரேக் உள்ள டைனோவாக இருந்தால் அந்த பிரேக்கின் கை, விசையை அளக்கும் லோடு செல் மீது செலுத்தும் விசையிலிருந்தோ, சக்கரத்தில் கிடைக்கும் பவரை அது கணக்கிட்டுவிடுகிறது. கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைக்கும் அதே மடங்கில் டார்க்கைக் கூட்டுகிறது. இரண்டின் பெருக்கலான பவர், உராய்வில் போவது போக, அப்படியே இருக்கிறது. எனவே பவரைச் சொல்ல இன்ஜின் ஆர்பிஎம் தேவையில்லை. இன்ஜின் டார்க்கைச் சொல்லத்தான் அது தேவைப்படுகிறது, ஏனென்றால் மென்பொருள் அந்த எண்ணை அளப்பதில்லை. பிஎஸ், என்எம் அலகுகளுக்கான மாறிலியான 7,024-ஆல் பவரைப் பெருக்கி, ஆர்பிஎம்மால் வகுத்துப் பெறுகிறது. உங்கள் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் 53.5 பிஎஸ் தந்திருந்தால் டார்க் 94 என்எம். அதே நொடியைக் கருவி 8,000 என்று எண்ணினால் விடை 47.

இன்ஜினைக் காரிலிருந்து இறக்கி, அதன் கிராங்கையே பிரேக்கோடு இணைக்கும் இன்ஜின் டைனோவில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. 1821-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரோனி அமைத்த உராய்வு பிரேக்காக இருந்தாலும், 1877-இல் வில்லியம் ஃப்ரூட் உருவாக்கிய நீர் பிரேக்காக இருந்தாலும், சுழலும் தண்டு கண்முன்னே இருந்தது. அதை எண்ணினால் போதும். காரை முழுதாக உருளை மேல் ஏற்றும்போது கிளட்ச், கியர், ஆக்ஸில், டயர் என்று எல்லாம் நடுவில் வந்துவிடுவதால், இன்ஜின் வேகத்துக்கென்று தனியாக ஒரு சிக்னலைத் தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் காரில் அந்தச் சிக்னல் ப்ளக் வயரிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. அம்பாசடர், பிரிமியர் பத்மினி போல டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் ஒரு ப்ளக் வயரில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான் போகும். உங்கள் காரில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே காயில்கள் என்பதால், ஒரு காயில் இரண்டு ப்ளக்குகளுக்கும் ஒரே நேரத்தில் பொறி தருகிறது. அவற்றில் ஒரு சிலிண்டர் கம்ப்ரஷன் முடிவிலும் மற்றது எக்ஸாஸ்ட் முடிவிலும் இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்துப் பொறி வீணாகப் போகிறது, ஆனால் வயரில் மாட்டிய கிளிப்புக்கு அது தெரியாது. ஆக, உங்கள் வயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. மென்பொருளில் ‘இரண்டு சுற்றுக்கு ஒன்று’ என்ற அமைப்பு இருந்தால் ஆர்பிஎம் இரு மடங்காகத்தான் தெரியும். இரண்டாவது ஓட்டத்துக்கு முன் அவர்கள் கணினியில் மாற்றியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கிளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தொல்லை அங்கேதான் பிறக்கிறது. அதன் இரு தாடைகளுக்குள்ளும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் துண்டுகள் இருக்கின்றன. அவை முகத்தோடு முகம் ஒட்டி மூடினால்தான் சிக்னல் முழுதாகக் கிடைக்கும். கிரீஸோ மணலோ நடுவில் ஒட்டிக்கொண்டு மயிரிழை அளவு திறந்திருந்தாலும் சிக்னல் பலவீனமாகி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது எண்ணிக்கை விட்டுவிட்டு வரும். கிளிப்பின் மேல் அம்புக்குறி இருந்தால் அது ப்ளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கத்து ப்ளக் வயர் இதை உரசிக்கொண்டு போனால் அதன் பொறியையும் கிளிப் வாங்கிக்கொள்ளும் என்பதால், எடுக்கும் வயரை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, கிளிப்பின் சொந்தக் கேபிளையும் பொறி வயர்களுக்கு இணையாக ஓடவிடாமல் குறுக்கே வெளியே கொண்டு வர வேண்டும். கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென முள்முள்ளாகத் துள்ளினால் முதலில் பார்க்க வேண்டியவை இவைதாம்.

எண் சரியா என்று சோதிக்க, பலர் நம்பும் வழி ஒன்று உண்டு: பவர் கோடும் டார்க் கோடும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பார்கள். பிஎஸ், என்எம் என்றால் 7,024-இல். கிலோவாட், என்எம் என்றால் 9,549-இல். ஹார்ஸ்பவர், பவுண்டு-அடி என்றால் 5,252-இல். இது உண்மைதான், ஆனால் இதனால் ஆர்பிஎம் சரி என்று நிரூபணமாகாது. ஆர்பிஎம் இரு மடங்காக எண்ணப்பட்டிருந்தாலும், அந்தத் தவறான எண்ணாலேயே டார்க் வகுக்கப்படுவதால், கோடுகள் அதே இடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். மென்பொருள் வகுத்தலைச் சரியாகச் செய்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

ஆர்பிஎம் உண்மையா என்பதை இன்னொரு தனி வழியில் கிடைக்கும் ஆர்பிஎம்மோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். சூடேறிய இன்ஜின் ஐட்லிங்கில் 800 சுற்றும் என்று தெரிந்த காரில் திரை 1,600 காட்டினால், ஓட்டத்தைத் தொடங்கவே கூடாது. பிறகு மூவாயிரத்தில் சீராகப் பிடித்துவைத்து, டேஷ்போர்டு முள்ளும் திரையும் நெருங்கி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரெவ் லிமிட்டர் எந்த ஆர்பிஎம்மில் வெட்டும் என்று தெரிந்திருந்தால் அதுவும் நல்ல சாட்சி. இந்த ஒப்பீடு இல்லாமல் எடுத்த டார்க் எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

கேள்வி: ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ப்ளக்கின் மேலும் தனித்தனிக் காயில். கிளிப் மாட்ட வயரே இல்லை. ‘இந்த காருக்கு ஆர்பிஎம் எடுக்க முடியாது’ என்று சொல்லி, கிலோமீட்டர் வேகத்துக்கு எதிராக வரைந்த தாளைத் தந்தார்கள். உண்மையில் வழி இல்லையா? – வாசகர், மதுரை

பதில்: வழி உண்டு. கே சீரிஸ் இன்ஜின் போல ப்ளக் மேல் காயில் அமரும் அமைப்பில், உயர் மின்னழுத்த வயர் இல்லையே தவிர, காயிலுக்குள் போகும் 12 வோல்ட் வயர் இருக்கிறது. ஒவ்வொரு பொறிக்கும் முன் சில மில்லிநொடிகளுக்கு அந்த வயரில் சில ஆம்பியர் மின்னோட்டம் ஏறி, பொறி பிறக்கும் நொடியில் அறுபடுகிறது. மின்னோட்டம் அளக்கும் சிறு கிளாம்ப்பையோ, இதற்கென்றே டைனோ நிறுவனங்கள் தரும் பிக்கப்பையோ அந்த ஒரு வயரில் மாட்டினால் துல்லியமான துடிப்பு கிடைக்கும். ஆனால் அந்த ஒரே ஒரு வயரில்தான் மாட்ட வேண்டும். காயிலுக்குப் போகும் வயர்க் கட்டை முழுதாகக் கவ்வினால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிட, திரையில் ஒன்றும் வராது. ‘முடியாது’ என்று கைவிட்ட பல இடங்களில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நான்கு காயில்களுக்கும் பொதுவாகப் போகும் வயரைப் பிடித்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. ஒரே காயிலின் வயரைப் பிடித்தால் இரண்டு சுற்றுக்கு ஒன்று. எதைப் பிடித்தோமோ அதற்கேற்ப மென்பொருளில் அமைக்க வேண்டும்.

ஒரு காயிலைக் கழற்றி, அதற்கும் ப்ளக்குக்கும் நடுவே ஒரு துண்டு ப்ளக் வயரை நீட்டிப்பாகச் செருகி, பழைய கிளிப்பையே அதில் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் அந்த வயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட் என்பதால், காப்பு சற்றே கிழிந்திருந்தாலும் பொறி பக்கத்து இரும்புக்குத் தாவி, முழு லோடில் மிஸ்ஃபயர் வரும். அப்போது பவர் எண்ணும் கெட்டுவிடும். காயிலுக்கு வரும் ட்ரிக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுப்பது மூன்றாவது வழி. அதைக் கனெக்டரின் பின்புறத்திலிருந்துதான் தொட வேண்டுமே தவிர, ஊசியால் வயரைக் குத்தக் கூடாது. குத்திய துளை வழியே நீர் இறங்கி, பல மாதம் கழித்துச் செம்பு பூத்துப் போகும். மூன்றில் நான் பரிந்துரைப்பது முதல் வழியையே.

சில கார்களின் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), குறைந்த வேகத்தில் ஒரே எரிப்புக்குப் பல பொறிகளை அடுத்தடுத்து விடும். அப்படிப்பட்ட காரில் ஐட்லிங்கில் எண் தாறுமாறாகத் துள்ளி, வேகம் கூடியதும் தானாகச் சரியாகிவிடும். அதைக் கண்டு கிளாம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: கிராங்க் சென்ஸரிலிருந்தே சிக்னலை எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இருக்காதே? – ஆட்டோ எலக்ட்ரீஷியன், சேலம்

பதில்: சிக்னலின் தரத்தை மட்டும் பார்த்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. 60 பல் இடங்களில் இரண்டைக் காலியாக விட்ட சக்கரம் பல கார்களில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 58 துடிப்புகள் என்பதால் வேகம் மாறும் ஒவ்வொரு கணமும் தெரியும். ஆனால் இசியூ தன் நேரக் கணக்கு முழுவதையும் அந்த ஒரு சென்ஸரை நம்பித்தான் நடத்துகிறது. காந்தச் சுருள் வகைச் சென்ஸரில் நீங்கள் சேர்க்கும் கருவி சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சினாலும், சிக்னல் சரிந்து, இசியூ பல் எண்ணிக்கையைத் தவறவிட்டு, முழு ஆக்ஸிலரேட்டரில் இன்ஜின் அணையக் கூடும். சென்ஸரிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சாதபடி உயர் இம்பிடன்ஸ் உள்ளீடும் தனிப் பஃபரும் உள்ள கருவி இருந்தால் செய்யலாம். அது இல்லாமல், வாடிக்கையாளரின் காரில் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: பழைய பொலேரோவில் டீசல் குழாயில் கிளாம்ப் மாட்டி ஆர்பிஎம் எடுத்தார்கள், சரியாக வந்தது. அதே கிளாம்ப்பை ஸ்கார்ப்பியோ எம்ஹாக்கில் மாட்டியபோது ஒன்றுமே வரவில்லை. ஏன்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் டீசல்தான், ஆனால் டீசல் சிலிண்டருக்குப் போகும் விதம் வேறு. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் இரும்புக் குழாயில் இன்ஜெக்ஷன் நேரத்தில் மட்டும் அழுத்தம் திடீரென உயர்ந்து இறங்குகிறது. அந்தக் கணத்தில் குழாய் கண்ணுக்குத் தெரியாத அளவில் புடைத்துச் சுருங்குவதை, அதைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும் பீஸோ கிளாம்ப் மின்துடிப்பாக மாற்றித் தருகிறது. குழாயின் விட்டத்துக்கேற்ற கிளாம்ப்பைத் தேர்ந்தெடுத்து, பெயின்ட்டையும் துருவையும் தேய்த்து எடுத்துவிட்டு, வளைவில்லாத நேர்ப்பகுதியில் மாட்டி, அதன் எர்த் கிளிப்பையும் அதே குழாயில் கொடுத்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்பு தவறாமல் கிடைக்கும்.

எம்ஹாக் போன்ற காமன் ரெயில் இன்ஜினில் குழாய்க்குள் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே நிற்கிறது. ரெயிலிலிருந்து இன்ஜெக்டர் வரை டீசல் காத்திருக்க, இசியூ மின்சாரத்தால் இன்ஜெக்டரைத் திறக்கும்போது மட்டும் அது உள்ளே பாய்கிறது. குழாய் பழையது போலப் புடைத்துச் சுருங்காதபோது கிளாம்ப் எதை உணரும்?

இன்ஜெக்டரின் மின்வயரில் மின்னோட்டக் கிளாம்ப் மாட்டலாமே என்று அடுத்ததாகத் தோன்றும். மாட்டலாம், ஆனால் ஒரே எரிப்புக்கு முன்னோட்டமாகச் சிறு இன்ஜெக்ஷன், பிறகு பிரதான இன்ஜெக்ஷன், சில நேரங்களில் அதற்குப் பின்னும் ஒன்று என்று இசியூ பிரித்துப் பிரித்துத் தெளிக்கிறது. லோடுக்கும் வேகத்துக்கும் தகுந்தாற்போல் இந்த எண்ணிக்கை ஓட்டத்தின் நடுவிலேயே மாறும். திரையில் ஆர்பிஎம் ஒரு படி ஏறி, ஒரு படி விழுவதுபோலத் தெரிவது அதனால்தான். முதல் துடிப்புக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் வசதி மென்பொருளில் இருந்தால் மட்டுமே இந்த வழி பயன்படும்.

இல்லையென்றால் ஆல்டர்னேட்டரை நாடுங்கள். பல டீசல் வண்டிகளின் ஆல்டர்னேட்டரில் டபிள்யூ என்று குறித்த முனை இருக்கும். வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு அதில் ஆறு துடிப்புகள் தரும். கிராங்க் புல்லிக்கும் ஆல்டர்னேட்டர் புல்லிக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் இன்ஜின் வேகம் வந்துவிடும். அந்த முனை இல்லாத காரிலும், பேட்டரி மின்னழுத்தத்தில் ஆல்டர்னேட்டர் விட்டுச்செல்லும் நுண்ணிய அலையை எண்ணியோ, இன்ஜினின் அதிர்வைக் கேட்டோ ஆர்பிஎம் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. டீசல் புகைச் சோதனையில் பயன்படும் இவ்வகைக் கருவிகள் சீரான வேகத்தில் நன்றாக உழைத்தாலும், வேகம் விரைந்து ஏறும் டைனோ ஓட்டத்தில் சற்றுப் பின்தங்கும். தளர்ந்த பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் கணக்கும் குறையும்.

கேள்வி: ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பில்) சிறு புளூடூத் அடாப்டரைச் செருகினால் கைப்பேசியிலேயே ஆர்பிஎம் தெரிகிறது. டைனோவுக்கு இது போதாதா? – வாசகர், ஈரோடு

பதில்: எண் சரியானது, வந்து சேரும் நேரம்தான் சரியில்லை. ஓபிடி தரும் ஆர்பிஎம், இசியூ கிராங்க் சென்ஸரிலிருந்து கணக்கிட்ட அதே எண். அது இரண்டு பைட்டுகளாக வருகிறது. முதலாவதை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். 93, 192 என்று வந்தால் 24,000-ஐ நான்கால் வகுத்து 6,000. கால் சுற்று வரை சொல்லும் இந்த நுணுக்கத்தில் குறை எதுவும் இல்லை.

ஆனால் கருவி கேட்க, இசியூ பதில் சொல்ல, அடாப்டர் அதை மாற்ற, புளூடூத் கொண்டு சேர்க்க, ஒவ்வொரு கட்டத்திலும் நேரம் போகிறது. ஓட்டம் 2,000-இலிருந்து 6,500 வரை பத்து நொடியில் ஏறினால், ஒரு நொடிக்கு 450 ஆர்பிஎம். எண் 0.2 நொடி தாமதமாக வந்தாலே, இன்ஜின் 4,000-இல் இருக்கும்போது திரை 3,910 என்று சொல்லும். 94 என்எம் டார்க் 96 ஆகிவிடும். குறைந்த கியரில் ஐந்து நொடியில் ஓட்டம் முடிந்தால் பிழை இரு மடங்கு. விற்பனைக்காக எண்ணைப் பெரிதாகக் காட்ட விரும்புபவருக்கு இது வசதியாக இருக்கலாம், ட்யூனிங் செய்பவருக்கு அது கேடு. இந்த ஆர்பிஎம்மில் கலவை மெலிந்திருக்கிறது என்று தாளைப் பார்த்துத் திருத்தும்போது, இசியூவின் அட்டவணையில் பக்கத்துக் கட்டத்தைத் திருத்திவிடுவார். உண்மையில் மெலிந்திருந்த இடம் அப்படியே கிடக்கும்.

கேன் பஸ் (காரின் கணினிகள் தகவல் பரிமாறும் வேகமான இணைப்பு) உள்ள கார்களில் இந்தத் தாமதம் குறைவு. நொடிக்கு சுமார் பத்தாயிரம் பிட்டுகள் மட்டுமே கடத்தும் பழைய கே-லைன் கார்களில் மிக அதிகம். இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான் என்பதால், அதற்கு முந்தைய காரில் சாக்கெட் இருந்தாலும் உள்ளே என்ன பேசும் என்பதைச் செருகித்தான் பார்க்க வேண்டும். ஓபிடியையே பயன்படுத்துவதானால் கேபிள் வழி இணையுங்கள். கூலன்ட் வெப்பநிலை, காற்றளவு என்று மற்ற எதையும் கேட்காமல் ஆர்பிஎம்மை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, ஓபிடி எண்ணைச் சீரான வேகத்தில் ஒரு முறை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓட்டத்தின்போது உருளை வேகத்திலிருந்து ஆர்பிஎம்மைக் கணக்கிடுவது. அது எப்படி என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: எங்கள் ஊரில் சிக்னல் எதுவும் எடுக்காமல், கியர் விகிதத்தை வைத்தே ஆர்பிஎம் கணக்கிடுகிறார்கள். மேனுவல் கார்களுக்குச் சரியாக வந்தது. என் புதிய மைவி காரின் சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மட்டும் கோடு பொருளற்றுப் போனது. – வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: ஒரே கியரில், கிளட்ச் வழுக்காமல் ஓடும் காரில், இன்ஜின் வேகமும் உருளை வேகமும் ஒரே விகிதத்தில் கட்டுண்டவை. 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர், மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நிமிடத்துக்குச் சுமார் 854 முறை சுழலும், கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 4.2 என்றால் இன்ஜின் 3,590 அருகில் இருக்கும். இதைக் காகிதத்தில் போடுவதைவிட காரிலேயே அளப்பது மேல், ஏனென்றால் கட்டிவைத்த காரின் எடையிலும் உருளையின் வளைவிலும் டயர் நசுங்கி, காகிதச் சுற்றளவு பொருந்தாமல் போகும். ஓட்டத்துக்குப் பயன்படுத்தப் போகும் அதே கியரில் 3,000-இல் சீராகப் பிடித்து, ஓபிடி எண்ணையோ கிளிப் எண்ணையோ மென்பொருளுக்குக் கொடுத்தால் விகிதம் பதிவாகிவிடும். டேஷ்போர்டு முள்ளை வைத்தும் கொடுக்கலாம். ஆனால் அது மெதுவாக நகரும்படி செய்யப்பட்டது என்பதால், முள் அசையாமல் நிற்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இந்த முறையின் பலவீனம் டயர் வழுக்கல். லேசான லோடில் பதிந்த விகிதம், முழு லோடில் டயர் மூன்று சதவீதம் வழுக்கினால் பொய்யாகிவிடும்: இன்ஜின் 6,000-இல் இருக்க, கணக்கு 5,820 என்று சொல்லும், டார்க் கோடும் அந்தத் தவறான ஆர்பிஎம்மில்தான் வரையப்படும். அதிக டார்க் உள்ள டர்போ கார்களில் இதை மறக்கவே கூடாது.

உங்கள் காரில் நடந்தது வேறு. 2021 நவம்பரில் வந்த மைவியில் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குக்குப் பதிலாக டி-சிவிடி வந்துவிட்டது. சிவிடியில் நிலையான விகிதம் என்று ஒன்றே இல்லை. பெல்ட் ஓடும் புல்லிகளின் அகலம் மாற மாற விகிதமும் மாறுகிறது. இன்ஜின் ஒரே ஆர்பிஎம்மில் நிற்க, கார் மட்டும் வேகம் பிடிப்பதை நீங்களே ஓட்டும்போது உணர்ந்திருப்பீர்கள். ஒரே ஒரு விகிதத்தைப் பதிந்துவைத்த மென்பொருள் அங்கே கற்பனையான ஆர்பிஎம்மைத்தான் எழுதும். சாதாரண ஆட்டோமேட்டிக்கிலும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாத வரை இதே குறை உண்டு. உங்கள் காருக்குக் காயில் வயர் கிளாம்ப் அல்லது கேபிள் வழி ஓபிடி, இவை தவிர வேறு வழியில்லை.

கேள்வி: என்னிடம் டொயோட்டா ப்ரியஸ் இருக்கிறது. டைனோவில் இன்ஜின் டார்க் கோட்டை எடுத்துத் தர முடியுமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஹைப்ரிட் கார்கள் நிறைய ஓடும் இலங்கையில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. நேர்மையான விடை, பயனுள்ள வகையில் முடியாது என்பதே. ப்ரியஸில் இன்ஜின், இரண்டு மோட்டார் ஜெனரேட்டர்கள், சக்கரம் ஆகியவை ஒரு கோள் கியர்த் தொகுதியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. நடுக் கியருக்கு 30 பற்கள், வளையக் கியருக்கு 78 பற்கள் என்பதால், இன்ஜின் வேகத்தைத் தீர்மானிப்பதில் சுமார் 72 சதவீதப் பங்கு சக்கரப் பக்கத்துக்கும் 28 சதவீதப் பங்கு சிறிய மோட்டாருக்கும் உண்டு. வளையம் 1,000 சுற்ற, சிறிய மோட்டார் எதிர்த்திசையில் 2,600 சுற்றினால், இன்ஜின் அசையாமல் நிற்கும், கார் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓபிடி மூலம் இன்ஜின் ஆர்பிஎம் கிடைக்கும்; அதில் சிரமமில்லை. ஆனால் உருளைக்கு வரும் பவரில் பேட்டரியின் பங்கும் கலந்திருப்பதால், அந்த மொத்தப் பவரை இன்ஜின் ஆர்பிஎம்மால் வகுத்து வரும் எண் எந்தத் தண்டின் டார்க்கும் ஆகாது. சாலை வேகத்துக்கு எதிராகச் சக்கர பவரை மட்டும் வரைந்து, பக்கத்தில் பேட்டரியின் சார்ஜ் அளவையும் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே சார்ஜ் அளவில் ஓட்டினால் ஒப்பிடலாம்.

கேள்வி: ஓபிடி இல்லாத பழைய கார், ப்ளக் வயரை எட்டவும் இடமில்லை. லேசர் டேக்கோமீட்டர் வைத்து முயன்றேன்: லேசாக முடுக்கும்போது சரியாக இருக்கிறது, முழு லோடில் எண் மறைந்துவிடுகிறது. – வாசகர், புதுச்சேரி

பதில்: முழு லோடில் இன்ஜின் தன் மவுன்ட்டுகளின் மேல் சாய்கிறது என்பதே காரணம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்ததும் கிராங்க் புல்லி இடம் பெயர, தரையில் நிற்கும் ஸ்டாண்டிலிருந்து வரும் ஒளிக்கற்றை பிரதிபலிப்பு டேப்பைத் தவறவிடுகிறது. சென்ஸரைத் தரையிலோ பாடியிலோ பொருத்தாமல், இன்ஜினோடு சேர்ந்தே அசையும்படி இன்ஜின் பிளாக்கில் ஒரு சிறு பிராக்கெட் போட்டுப் பொருத்துங்கள். பெல்ட்டும் ஃபேனும் பிராக்கெட்டைத் தொடாத இடமாக இருக்கட்டும். இந்த வேலை முழுவதையும் இன்ஜின் அணைந்திருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

புல்லியின் முகத்தைத் தின்னரால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் பூசிக் காயவிட்டு, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பழைய கீறல் ஒன்று பளபளத்தாலும் அதையும் கருவி இன்னொரு டேப்பாக எண்ணிவிடும். டியூப் லைட் வெளிச்சம் நேராகச் சென்ஸரில் விழாமல் மறைத்துக்கொள்ளுங்கள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதால், சில கருவிகள் அதையே எண்ணி அசையாமல் 6,000 என்று காட்டும். இன்ஜினை அணைத்து வைத்து, பட்டறையின் எல்லா விளக்குகளையும் போட்டு, கருவி பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு ஓட்டத்தைத் தொடங்குங்கள்.